நீலப் பெட்டியும் ஒரு கமெராவும்

பாலித் தீவில் ஒரு பொருள் தொலைந்தால் அதை எப்படி முறையாகத் தொலைக்கவேண்டும் என்று எனக்கு லண்டன் குரோய்டனில் வைத்துப் படிப்பித்தார்கள். நான்கு சனிக்கிழமைகள், காலை பத்து முதல் ஒரு மணி வரை, ஒன்பதாம் மாடி. தேநீர் இடைவேளை இருந்தது. தேநீர் இருக்கவில்லை.

என் பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. கோலியர்ஸ் வுட்டில் வீடு. இருபத்திரண்டு வருடமாக லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். தொலைந்த பொருட்களைப் பற்றி எனக்கு ஒருவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. நாளுக்கு மூன்று குடை, ஒற்றைக் கையுறை, எப்போதாவது ஒரு பொய்ப்பல் கட்டு என்று என் பஸ்ஸில் சனம் விட்டுவிட்டுப் போகாத சாமான் இல்லை. மூச்சு வாங்க ஓடிவந்து கேட்பவரிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: “என்ன நிறம்?” சரியாகச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

அதற்கு மேல் எவ்வளவோ இருக்கிறது என்று சொன்னது ஹாட்டில்பெரி பயணக் காப்புறுதி நிறுவனம்.

என் மகன் தர்சிகன் பாலியில்தான் கலியாணம் செய்வேன் என்று நின்றான். பெண் கோசிகாவும் அவன் பக்கம். “அப்பா, அங்கையும் இந்துக்கள்தான்,” என்றான். லண்டன் வெஸ்ட் ஈலிங்கிலும் இந்துக்கள்தான், அதற்கு ப்ளேன் ஏறத் தேவையில்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை. சரி, போய்த் தொலையட்டும் என்று விட்டேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் நாங்கள். தாலிக்கொடி கொண்டுபோவது எங்கள் பொறுப்பு. நல்ல நாள் பார்த்து, சொந்தபந்தம் சுற்றி நிற்க, பொன்னுருக்கு வைத்துப் பவுண் காசை உருக்கி, அந்தப் பொன்னில்தான் தாலி செய்யக் கொடுத்திருந்தோம். கடையில் இன்னொன்று வாங்கலாம். ஆனால் அது நகை, தாலி இல்லை.

“இன்சூரன்ஸ் இல்லாமல் உந்தத் தாலிக்கொடியோடை நான் ப்ளேன் ஏறமாட்டன்,” என்று என் மனைவி தவமலர் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் போனில் அதை எடுத்தும் விட்டாள். பத்து நாளில் ஒரு தடித்த புத்தகம் தபாலில் வந்தது. அதில் பதினான்காம் பிரிவு இப்படி இருந்தது: ஆங்கிலம் பேசாத நாட்டில் நகை தொலைந்தால், தொலைத்தவரே அந்த நாட்டு மொழியில், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் முறைப்பாடு செய்யவேண்டும். அந்தத் திறமை அவருக்கு உண்டு என்பதற்கு எமது நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் நகைக்குக் காப்புறுதி இல்லை.

“நீங்கள்தான் சனிக்கிழமை ஷிப்ட் இல்லாமல் சும்மா இருக்கிறியள்,” என்றாள் தவமலர்.

முதல் சனிக்கிழமை பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். முன் மேசையில் ஒரு நீலப் பெட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கமெரா. அவற்றுக்குப் பின்னால் மிஸ்டர் பெம்பர்ட்டன் நின்றார். அவருடைய பதவி, இழப்புக் கல்வி முகாமையாளர். வகுப்பு ஒரு நிமிட மௌனத்தோடு தொடங்கியது. உலகெங்கும் இதுவரை தொலைந்த பொருட்களை நினைத்து எல்லோரும் கண்ணை மூடவேண்டும். நான் என் ஒற்றைக் கையுறைகளை நினைத்துக்கொண்டேன்.

பிறகு பெம்பர்ட்டன் பேசினார். “நான் ஒருநாளும் இந்தோனேசியாவுக்குப் போனதில்லை. எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அதனால்தான் நிறுவனம் இந்தப் பொறுப்பை எனக்குத் தந்தது. மொழி தெரிந்த ஆசிரியர்களை முன்பு வைத்திருந்தோம். அவர்களிடம் படித்தவர்கள் பாடத்தை விட்டு விலகி, சொல்ல வந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அது ஆபத்து.”

ஏதோ பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் என் பெயருக்கு நேரே ஏதோ குறித்தார்.

பாடம் ஒரு ஒலிப்பதிவு. அதில் ஒரு பெண் குரல் சொல்லும்: “கோப்பர் பிரு சாயா ஹிலாங். டி டாலம்ஞா அடா காமெரா.” என் நீலப் பெட்டி தொலைந்துவிட்டது, அதற்குள் ஒரு கமெரா இருக்கிறது. அவ்வளவுதான். அதை நாங்கள் கோரசாகச் சொல்லவேண்டும். மூன்று மணி நேரம் சொன்னோம். இரண்டாம் சனிக்கிழமையும் அதையே சொன்னோம். அன்றைக்குக் கைகளை வயிற்றுக்கு மேல் எப்படிக் கோர்ப்பது என்பதும் சேர்ந்தது. மூன்றாம் சனிக்கிழமை குரல். குரலில் ஐந்து மட்டம் உண்டு. ஒன்று முணுமுணுப்பு, ஐந்து ஒப்பாரி. முறைப்பாடு மூன்றில் இருக்கவேண்டும். நான் சும்மா ‘குட் மோர்னிங்’ சொன்னாலே நான்கு என்றார் பெம்பர்ட்டன்.

“என்ரை பை கறுப்பு. கறுப்புக்கு என்ன சொல்?” என்று நான் கேட்டேன்.

“கறுப்பு இரண்டாம் நிலைப் பாடம்,” என்றார். “முதலாம் நிலையில் எல்லாம் நீலம்.”

“அப்ப முதலாம் நிலையிலை கறுப்புப் பை துலைஞ்சால்?”

“எங்கள் புள்ளிவிபரப்படி முதலாம் நிலை மாணவர்கள் எவரும் இதுவரை கறுப்புப் பை தொலைந்ததாக முறைப்பாடு செய்ததில்லை.”

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் றோஸ்மலர். மன்னார்ப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவள் இந்த வகுப்புக்கு வருவது மூன்றாம் தடவையாம். முதல் தடவை சோதனையில் அழுதுவிட்டாள், இரண்டாம் தடவை சிரித்துவிட்டாள்.

“எப்ப பிள்ளை பாலிக்குப் போறியள்?” என்று கேட்டேன்.

“போய் வந்திட்டன் அண்ணை. ரெண்டு வருசமாச்சு,” என்றாள். “ஒண்டும் துலையேல்லை. ஆனால் தொடங்கினதை அரைவாசியிலை விட மனம் வரேல்லை.”

விசரா இவளுக்கு என்று நினைத்தேன். என்றாலும் கறுப்புக்கு ஹித்தாம், பைக்குத் தாஸ் என்று போனில் தேடிச் சொல்லித்தந்தவள் அவள்தான். நானும் விடவில்லை. பஸ் கடைசித் தரிப்பில் நிற்கும் பத்துப் பத்து நிமிடங்களில் போனை வைத்துக்கொண்டு சொந்தமாகப் படித்தேன். தங்கம் எமாஸ். பிள்ளை அனாக். உதவி செய்யுங்கள், தோலோங். இதையெல்லாம் பெம்பர்ட்டனுக்குச் சொல்லவில்லை.

நான்காம் சனிக்கிழமை செய்முறைச் சோதனை. புதன்கிழமை எங்களுக்குப் ப்ளேன். சோதனையன்று காலைதான் ரூட்டிங்கில் நகைக்கடைக்காரர் தாலிக்கொடியைத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்குத் திரும்பிப் போய்வர நேரமில்லை. தவமலர் என் கையில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலைத் தந்தாள். அது நிறைய வறுத்து இடித்த மிளகாய்த்தூள். மூடியில் துண்டு ஒட்டி, ‘தவமலர், கறுத்தத் தூள், மல்லி கூட’ என்று தன் கையால் எழுதியிருந்தாள்.

“வாங்கின கையோடை உதுக்குள்ளை புதைச்சுப்போடுங்கோ. கடைப் பெட்டியோடை ட்ராமிலை ஏறாதேங்கோ, சொல்லிப்போட்டன்.”

இது அவளுக்குப் புதிதில்லை. தொண்ணூற்றைந்தில், ஊரில் சண்டை நடந்தபோது, தன்னுடைய தாலிக்கொடியை அவள் ஓமந்தைப் பாதையால் கொண்டுவந்தது தூள் போத்தலுக்குள்தான். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் மூடியைத் திறந்து, மணந்து பார்த்து, தும்மிவிட்டுத் திருப்பித் தந்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெறுமதியான எதுவும் தூள் போத்தலில்தான் பயணம் போகும். நானும் நகைக்கடையின் பின் அறையில் நின்று, கொடியைப் பொலித்தீனில் சுற்றித் தூளுக்குள் அமுக்கி, போத்தலைக் கறுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டு குரோய்டனுக்குப் போனேன்.

வாசலில் ஒரு படிவம். பைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். படிவத்தின் தலைப்பு: ‘தொலையவிருக்கும் பொருட்கள்.’ இந்தத் தலைப்புக்குக் கீழே தாலி என்று எழுத எந்தத் தமிழனுக்குக் கை வரும்? விளையாட்டுக்குக்கூட எழுதுவோமா? நான் எழுதினேன்: குடை ஒன்று. இடியப்பப் பார்சல் ஒன்று. மிளகாய்த்தூள் ஒரு போத்தல்.

வகுப்பு வழக்கம்போல ஒரு நிமிட மௌனத்தோடு தொடங்கியது. கண்ணைத் திறந்தபோது ஒருவருடைய காலடியிலும் பை இல்லை.

“உங்கள் பொருட்கள் தொலைந்துவிட்டன,” என்று பெம்பர்ட்டன் மலர்ந்த முகத்தோடு அறிவித்தார். “இது இயற்கையான இழப்பு. இனி ஒவ்வொருவராக முறைப்பாட்டு மேசைக்குப் போங்கள்.”

எழும்பி, “என்ரை பை எங்கை? அதைத் தாங்கோ முதல்!” என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். வேறு எந்த மொழியில் வரும்?

“ஐந்தாம் மட்டம்,” என்றார் பெம்பர்ட்டன். “அதோடு தவறான மொழி. இதை முறைப்பாடாக நாங்கள் எடுக்கமாட்டோம்.” அவர் நான் கையெழுத்து வைத்த படிவத்தைத் தூக்கிக் காட்டினார். பொருளைத் தொலைப்பதற்கு நான் முழுச் சம்மதம் தெரிவித்திருந்தேனாம்.

முறைப்பாட்டு மேசையில் மிஸ் விட்லொக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்தாள். அதில் அந்த ஒலிப்பதிவு ஓடும். நாங்கள் சொல்வது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சரி போடுவாள். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் நீலப் பெட்டியும் கமெராவும் தொலைந்தது என்று சொன்னார்கள். விட்லொக் சரி போட்டு, சிவப்புப் பை, பச்சைப் பை, ஒரு சாக்கு என்று எடுத்துக் கொடுத்தாள். றோஸ்மலரும் சொன்னாள். கடைசிச் சொல்லில் உதடு கொஞ்சம் துடித்துவிட்டது. பை கிடைத்தது, சான்றிதழ் கிடைக்கவில்லை.

அவள் என்னைத் தாண்டும்போது, “அண்ணை, நீலப் பெட்டியெண்டே சொல்லுங்கோ, தந்திடுவினம்,” என்று காதுக்குள் சொன்னாள்.

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது தாலி. நீலப் பெட்டி என்று சொல்லி, அவர்கள் அந்த நீலப் பெட்டியையே தூக்கித் தந்துவிட்டால் நான் எங்கே போய் முட்டுவது? நான் நிமிர்ந்து நின்று, கையைக் கோர்த்து, என் பஸ் படிப்பையெல்லாம் திரட்டிச் சொன்னேன்: “சாயா கெஹிலாங்கான் தாஸ் ஹித்தாம்.” நான் ஒரு கறுப்புப் பையைத் தொலைத்துவிட்டேன்.

விட்லொக் ஹெட்போனைக் கழற்றினாள். “இது என்ன?”

“இந்தோனேசிய மொழி.”

“இருக்கலாம். ஆனால் ஒலிப்பதிவில் இல்லையே.”

“என்ரை பை கறுப்பு, பிள்ளை. அந்தா, உமக்குப் பின்னாலைதான் இருக்கு. கைகாட்டட்டே?”

“ஐயா, பொருள் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் அது தொலையவில்லை. தொலையாத பொருளுக்கு முறைப்பாடு எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.”

“அப்ப தாங்கோவன்!”

“முறைப்பாடு இல்லாமல் தருவதற்கும் அதிகாரம் இல்லை.”

சரி, வந்தது வரட்டும் என்று நீலப் பெட்டியைச் சொல்லத் தொடங்கினேன். ஒருவருக்கு ஒரு முறைப்பாடுதான் என்றாள். என் கண்ணுக்கு முன்னால் என் பையில் ‘தீராத இழப்பு’ என்று ஒரு மஞ்சள் அட்டையைக் கட்டினாள். மேசைக்கு மேலால் பாய்ந்து பிடிக்கலாமா என்று யோசித்தேன். இரண்டு காவலாளிகள் அதற்குள் என்னை லிப்டில் ஏற்றிவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுதப்போவதில்லை. தவமலர் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை ஷிப்டுக்கு நடுவில் நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். இந்தோனேசியாவில் தொலைத்திருந்தால் ஒன்றை அழுத்தவும் என்றது. குரோய்டனில் தொலைத்திருந்தால் எதை அழுத்துவது என்று அது சொல்லவில்லை. ஒன்றையே அழுத்தினேன். நாற்பது நிமிடம் அலை ஓசை கேட்டது. பாலிக் கடற்கரையாம். பிறகு விட்லொக்கின் குரல் வந்தது. பை கிழக்கு லண்டனில், டாகனத்தில் உள்ள களஞ்சியத்துக்குப் போய்விட்டது, உணவுப் பொருட்கள் எல்லாம் செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு அழிக்கப்படும் என்றாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? “பிள்ளை, அதுக்குள்ளை இருக்கிறது தூள் இல்லை. தூளுக்குள்ளை தங்கம் இருக்கு. என்ரை மகன்ரை தாலி,” என்று நாக்குக் கூச வாயால் சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் தட்டச்சு ஓசை. “படிவத்தில் மிளகாய்த்தூள் என்று இருக்கிறது. இப்போது தங்கம் என்கிறீர்கள். தொலைந்த பிறகு ஒரு பொருள் பெறுமதி கூடினால் அதை நாங்கள் மோசடி விசாரணைக்கு அனுப்பவேண்டும். நாளை மூன்று மணிக்கு வாருங்கள்.”

“ஒன்பது மணிக்கு அழிச்சுப்போட்டு மூண்டு மணிக்கு விசாரிக்கிறதோ?”

“இரண்டும் வேறு வேறு பகுதி, ஐயா.”

செவ்வாய் லீவு போட்டுவிட்டுப் போனேன். காலையில் டாகனத்துக்கும் போய்ப் பார்த்தேன். கம்பி வேலிக்கு அப்பால் விலாசம் இல்லாத கூரைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எது அவர்களுடையது என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை. ஒன்பது மணியும் தாண்டிவிட்டது. நான் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்தெட்டு வயதில் நடுத் தெருவில் அழுதால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்ற வெட்கம் ஒன்றுதான் என்னைத் தடுத்தது.

மூன்று மணி விசாரணையில் பெம்பர்ட்டனும் விட்லொக்கும் இருந்தார்கள். முறைப்பாட்டு மொழி இந்தோனேசியன் என்பதால் விசாரணையும் அதே மொழியில் நடக்கவேண்டுமாம். அதனால் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்திருந்தார்கள். பெயர் வுலான். லண்டனில் பல காலம் இருக்கும் இந்தோனேசியப் பெண். நான்கு சனிக்கிழமைகளில் நான் காணாத ஒன்றை அப்போதுதான் கண்டேன்: அந்த மொழி தெரிந்த ஒரு ஆள்.

“என்ன தொலைந்தது? கடைசித் தடவையாகச் சொல்லுங்கள்,” என்றார் பெம்பர்ட்டன்.

நான் வுலானைப் பார்த்தேன். கையைக் கோர்க்கவில்லை. “சாயா கெஹிலாங்கான் எமாஸ். அனாக் சாயா மௌ மெனிகாஹ். தோலோங், இபு.” நான் தங்கத்தைத் தொலைத்துவிட்டேன். என் பிள்ளை கலியாணம் செய்யப்போகிறான். உதவி செய்யுங்கள் அம்மா. அதற்கு மேல் எனக்கு அந்த மொழியில் சொல் இல்லை. எந்த மொழியிலும் இருக்கவில்லை. கண்ணால் நீர் ஓடியது.

வுலான் எழுந்துவந்து என் முன்னால் தண்ணீர்க் கிளாஸை வைத்தாள். “இவர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது,” என்றாள் அவர்களிடம். “என் அண்ணன் அங்கே பொலிஸ்காரன். இவர் இப்படி வந்து நின்றால் முதலில் இருக்கச் சொல்லுவான், பிறகு பையைத் தேடுவான்.”

பெம்பர்ட்டன் தொண்டையைச் செருமினார். “உங்களுக்கு விளங்கியதா என்பது இங்கே கேள்வி இல்லை. இந்தோனேசியர்களுக்கு விளங்குவது எங்கள் தரநிலை அல்ல. அப்படி வைத்தால் தரம் ஆளுக்கு ஆள் மாறும்.” இருவரும் தலைகளை ஒன்றாக்கி மூன்று நிமிடம் கதைத்தார்கள். பிறகு எழுந்து நின்று எனக்குக் கை தந்தார்கள். “வாழ்த்துகள். கண்ணீருக்கு ஐந்து புள்ளி குறைத்தோம். என்றாலும் நேர்மையான கண் தொடர்பு இருந்தது. நீங்கள் சித்தியடைந்துவிட்டீர்கள்.”

சான்றிதழ் கையில் வந்தது. தங்க நிற ஓரம்.

“என்ரை பை?”

“அது காலையில் அழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் நல்ல செய்தி என்னவென்றால், இனி இந்தோனேசியாவில் நீங்கள் எந்த நகையைத் தொலைத்தாலும் எங்களிடம் முழு உரித்தோடு கோரலாம்.”

“நகையைத்தான் நீங்கள் அழிச்சுப்போட்டியளே!”

பெம்பர்ட்டன் யோசித்தார். “அப்படியானால் உங்கள் பயணத்தில் ஆபத்து எதுவுமே இல்லை,” என்றார்.

அவருடைய கழுத்துப் பட்டியைப் பிடிக்கக் கை போனது. வுலான்தான் என் தோளைத் தொட்டு லிப்ட் வரை கூட்டிவந்தாள். லிப்ட் கதவு மூடும்போது போன் அடித்தது. தவமலர். மூன்று நாளைக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கிறேன்.

“இஞ்சேருங்கோ, என்ரை எழுத்து வட்ஸ்அப்பிலை வந்திருக்கு!”

“என்ன எழுத்து?”

“தூள் போத்தல் மூடியப்பா! மனோர் பார்க்கிலை ஆரோ ஒரு அம்மா. ‘இது ஆரின்ரை தூள்? உடனை போன் எடுங்கோ’ எண்டு கோயில் குரூப்பிலை போட்டிருக்கிறா. அங்கையிருந்து எங்கடை மச்சாளுக்கு வந்து எனக்கு வந்தது. நாற்பது நிமிசம் ஆகேல்லை. ஓடிப் போங்கோ!”

ஓடினேன். ஈஸ்ட் குரோய்டனில் ரயில் ஏறி, ஃபாரிங்டனில் மாறி எலிசபெத் லைன். மனோர் பார்க்கில் முருகன் கோயிலுக்குக் கிட்ட ஒரு ஒடுங்கிய வீடு. கதவைத் திறந்தவர் அருமைநாயகி. அறுபதைத் தொடும் வயது, களஞ்சிய வேலையின் மஞ்சள் ஜக்கெட்டை இன்னும் கழற்றவில்லை. குசினிக்குள் கூட்டிப்போனார். அடுப்பில் நண்டு அரைவாசியில் நின்றது. மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டில் மஞ்சள் தண்ணீரில் கழுவிய தாலிக்கொடி கிடந்தது. நான் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டேன்.

“நான்தான் அங்கை அழிக்கிற செக்ஷன், தம்பி,” என்றார். “சாப்பாட்டுச் சாமானெல்லாம் தொட்டியிலை கொட்டச் சொல்லுவினம். இண்டைக்கு உந்தப் போத்தலை மூடி திறந்தன். மணம் மூக்கிலை ஏறிச்சுது. மல்லி கூடப் போட்டு வறுத்த தூளை ஆர் கொட்டுவினம்? எனக்குக் கை வரேல்லை. ஜக்கெட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு வந்திட்டன். நண்டுக்கு ரெண்டு கரண்டி போடுவமெண்டு விட்டால் கரண்டியிலை கொடி தொங்குது! எனக்கு உயிர் போய் வந்தது.”

“அம்மா…” என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

“ஒண்டு மட்டும். உங்களுக்குக் கிடைச்சதெண்டு அவங்களுக்குத் தெரிஞ்சுதெண்டால் என்ரை வேலை போயிடும். கள்ளியெண்டும் சொல்லுவாங்கள். இன்னும் மூண்டு வருசம் எனக்கு வேலை ஓடவேணும்.”

“என்ரை வாயாலை வராது அம்மா. சத்தியம்.”

நண்டுக்கறி சாப்பிட்டுவிட்டுத்தான் விட்டார். தூளை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

புதன் காலை, பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றும் நேரம் மிஸ் விட்லொக் போன் எடுத்தாள். “ஐயா, சிறு சிக்கல். களஞ்சியக் கணக்கில் உங்கள் போத்தல் தொட்டியில் விழுந்ததாகப் பதிவு இல்லை. அது உங்களுக்குக் கிடைத்ததா? கிடைத்திருந்தால் யார் மூலம் என்று சொல்லவேண்டும். அந்த ஊழியர் மீது நடவடிக்கை எடுப்போம். இல்லையென்றால், உண்மையில் உங்களிடமிருந்து தொலைந்தது என்ன?”

தவமலர் தாலிக்கொடி இருந்த புதுத் தூள் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் நிமிர்ந்தேன். கைகளை வயிற்றுக்கு மேல் கோர்த்தேன். குரலை மூன்றாம் மட்டத்தில் வைத்தேன்.

“கோப்பர் பிரு சாயா ஹிலாங்,” என்றேன். “டி டாலம்ஞா அடா காமெரா.”

போனில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. “அழகு, ஐயா. ஒரு பிழையும் இல்லை. நீங்கள் முன்பே இப்படிச் சொல்லியிருக்கலாமே,” என்றாள். “உங்கள் பழைய கோப்பை மூடிவிடுகிறேன். இந்த முறைப்பாட்டின்படி தேடச் சொல்கிறேன்.”

பாலியில் கலியாணம் நன்றாக நடந்தது. தாலி ஏறும்போது கோசிகா மூன்று தடவை தும்மினாள். ஐயர் அதை நல்ல சகுனம் என்று சமாளித்தார். அங்கே எங்களுக்கு ஒன்றும் தொலையவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை வீடு திரும்பினோம். கதவடியில் ஒரு நீலப் பெட்டி நின்றது. கைபிடியில் என் பெயரும், கூடவே ஒரு கடிதமும்: ‘முழுமையான முறைப்பாட்டின் பயனாகத் தங்கள் பெட்டி கண்டெடுக்கப்பட்டுள்ளது.’ திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கமெரா. அந்தப் பெட்டியை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். பெம்பர்ட்டனின் மேசையில் நான்கு சனிக்கிழமை அதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“இது ஆரின்ரையப்பா?” என்றாள் தவமலர்.

நான் வாய் திறக்க முதல் போன் அடித்தது. றோஸ்மலர். பின்னால் ஒரே இரைச்சல்.

“அண்ணை, நான் வகுப்பிலை நிக்கிறன். நாலாந்தரம் சேர்ந்திட்டன். ஆனால் இண்டைக்கு வகுப்பு நடக்கேல்லை. முன் மேசையிலை இருந்த பெட்டியைக் காணேல்லையாம். பெம்பர்ட்டன் தலையிலை கை வைச்சுக்கொண்டு ஐஞ்சாம் மட்டத்திலை கத்துறார். ஆரிட்டைப் போய் முறைப்பாடு செய்யிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

நான் பெட்டியை மூடி அதன் மேல் இருந்துகொண்டேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கேள்வி தானாக வந்தது.

“என்ன நிறமாம்?” என்றேன்.